ஒஸ்லோ போர்க் கல்லறையில் ஒரு கேலிக் வரி

2006 செப்டம்பரில், நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள ஸ்தவாங்கரிலிருந்து ஒஸ்லோவுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. என்னோடு வேலை செய்யும் மோராக் ஸ்கொட்லாந்துத் தீவுக்காரி. அவளுடைய தாய்மாமன் தன் தகப்பனோடு சண்டை பிடித்துக்கொண்டு, சொல்லாமல் விமானப்படையில் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் இறந்து ஒஸ்லோவில் புதைக்கப்பட்டார். கல்லில் பொறிக்கச் சொல்லித் தகப்பன் தங்கள் தீவு மொழியான கேலிக்கில் ஒரு வரி அனுப்பினார். என்ன வரி என்று சாகும்வரை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

இப்போது மோராக்கின் தாய்க்கு எண்பத்தைந்து வயது, இதயத்தில் அறுவைச் சிகிச்சை. "அப்பா தம்பியை மன்னித்தாரா? அது தெரியாமல் நான் படுக்கமாட்டேன்" என்று பிடிவாதமாக நின்றார். மோராக் தாயோடு ஆஸ்பத்திரியில். ஆகவே நான் கிளம்பினேன்.

ரயிலில் எட்டு மணி நேரம். ஒஸ்லோவில் இறங்கும்போது காலை ஏழரை. அங்கேயே ரொம்மன் பகுதியில் இருக்கும் நண்பர் அன்ரன், மன்னார்க்காரர், நிலையத்துக்கு வந்திருந்தார். சுரங்க ரயிலில் பொர்கன் நிலையத்துக்குப் போய் (டிக்கெட் இருபது குரோனர்) கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம்.

"என்ர பிள்ளையள் தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்குதுகள். நீர் கேலிக் வாசிக்கப் போறீரோ?" என்றார்.

"வாசிக்கத் தேவையில்லை. எழுத்தைச் சொன்னாப் போதும்."

கல்லைக் கண்டுபிடிக்க ஒன்பதேகால் ஆகிவிட்டது. பத்து மணிக்குத் தாயை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். தொலைபேசியில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். மோராக் தாயிடம் சொன்னாள்.

"'மகனே, கதவு...' என்று வருகிறதாம். அடுத்த சொல்?"

அடுத்த சொல்லைப் பாசி மூடியிருந்தது.

"முதல் எழுத்து எஃப் (F) என்றால் கதவு திறந்திருக்கிறது. டி (D) என்றால் மூடியிருக்கிறது. சீக்கிரம், தாதி வந்துவிட்டாள்!"

அன்ரன் வீட்டுத் திறப்பின் பல்லால் பாசியைச் சுரண்டப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். போத்தலில் இருந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, பக்கவாட்டில் டோர்ச் அடித்து, விரலால் தடவினேன். ஒரு நேர்க்கோடு. என் விரல் டி-யின் வளைவைத் தேடியது. வளைவு இல்லை. மேலே ஒரு குறுக்குக்கோடு, நடுவில் இன்னொன்று.

"எஃப்!" என்று கத்தியேவிட்டேன்.

மோராக் தொலைபேசியைத் தாயிடம் கொடுத்தாள். தாயின் குரல் நேரே வந்தது. "அவனுக்குக் கேட்க வாசி." அவர் சொல்லச் சொல்ல நான் வாசித்தேன். உச்சரிப்பை இரண்டுதரம் திருத்தினார். அன்ரன் தொப்பியைக் கழற்றிவிட்டு, "என்ர தம்பிக்கு ஒரு கல்லும் இல்லை" என்றார், மெதுவாக.

தாய் பிழைத்தார். இரண்டு வாரத்தில் வீடு திரும்பினார்.

போகிறவர்களுக்கு: கல்லைச் சுரண்டாதீர்கள். தண்ணீர், மெல்லிய தூரிகை, டோர்ச் போதும். மொழி தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் வைத்திருங்கள். உங்களுக்கு விளங்காவிட்டாலும் சத்தமாக வாசித்துவிட்டு வாருங்கள். அங்கே கிடப்பவருக்கு விளங்கும்.