பேர் வைக்கிற கல்தொட்டி

பிள்ளை ஏழாம் மாசத்திலையே பிறந்திட்டாள். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளை, முழங்கை நீளம்கூட இல்லை. இந்தக் கிழமை தாண்டட்டும், பிறகு பாப்பம் எண்டு டொக்டர் சொன்னா. தேப்பன் எனக்கோ துடக்கு, பிள்ளை பிறந்த தீட்டு. பிள்ளை பிறந்த வீட்டுக்காரர் முப்பத்தொரு நாளைக்குக் கோயில் படி மிதிக்கக் கூடாது. மனுசன் விழுந்து கும்பிட வேண்டிய நேரத்திலை கோயிலைப் பூட்டிற இந்தச் சட்டத்தை எந்த விசரன் போட்டானோ. ஆனாலும் மீறப் பயம். அவளுக்கு ஏதும் வந்திட்டால்?

சனிக்கிழமை வேலைக்குப் போனன். ஒஸ்லோவிலை ஒரு பழைய கல்லுத் தேவாலயத்தைத் துப்பரவாக்கிறதுதான் என்ரை வேலை. ராசாக்கள் வாளோடை திரிஞ்ச காலத்துக் கட்டடம். சுவரின்ரை தடிப்புக்கு ஒரு ஆள் குறுக்கை படுக்கலாம். யன்னல்கள் ஒடுக்கம், பட்டப்பகலிலையும் லைட் போட்டுத்தான் தூசி தட்ட வேணும். சனம் இருக்கிற வாங்குகளுக்குச் சின்னச் சின்னக் கதவு. பிரசங்க மேடையிலை செதுக்கின கொடிமுந்திரிகைக் குலை, அதுக்கெண்டே தனிப் பிரஷ். அரைவட்ட வளைவுக்கு அங்காலை பீடம். இஞ்சாலை, ஒரே கல்லிலை குடைஞ்ச தொட்டி. தண்ணி வார்த்துப் பிள்ளையளுக்குப் பேர் வைக்கிறது அதிலைதான். அடுத்த நாள் ஆரோ ஒரு பிள்ளைக்கு வைக்கினமெண்டு அதை மினுக்கச் சொல்லியிருந்தினம். மினுக்க மினுக்க அந்தக் கண்ணாடிப் பெட்டிதான் கண்ணுக்கை நிண்டுது.

பீடத்துக்குப் பக்கத்துச் சுவரிலை ஒரு மாடம். அது விளக்கு வைக்கிற மாடமெண்டுதான் இத்தனை வருசமும் நினைச்சிருந்தனான். ஆபத்துக்குப் பாவமில்லை எண்டு, வீட்டிலையிருந்து சிட்டி விளக்கும் திரியும் நல்லெண்ணெயும் கொண்டு போயிருந்தன். சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் கொளுத்தினன். நீ ஆரெண்டாலும் பரவாயில்லை, அவளைக் காப்பாத்து எண்டு சுவரைப் பாத்துக் கெஞ்சினன். வெக்கமில்லாமல் அழுதன்.

அங்கை பொறுப்பாய் நிக்கிற நோர்வேக்கார அம்மா அந்த நேரம் பாத்து உள்ளை வந்தா. சுண்ணாம்புச் சுவரிலை கரி, கல்லிலை எண்ணெய். அது பூசைப் பாத்திரம் வைக்கிற இடமாம். இத்தனை நூறு வருசத்திலை ஒருத்தரும் அதிலை நெருப்பு வைக்கேல்லையாம். கல்லுக் குடிச்ச எண்ணெய் இனிப் போகாதாம். எனக்குக் கோவமும் அழுகையும் ஒண்டாய் வந்து, பிள்ளையின்ரை கதை எல்லாத்தையும் அவவிட்டைச் சொல்லிக் கொட்டிப்போட்டன். அவ எரியிற விளக்கைப் பாத்தபடி கேட்டா.

"பிள்ளைக்குப் பேர் என்ன?"

"இன்னும் வைக்கேல்லை. முப்பத்தொண்டிலைதான் வைப்பம்."

விளக்கை அவ ஊதி நூர்க்கேல்லை.

பன்னிரண்டாம் நாள் பிள்ளை போயிட்டாள். பிறந்த துடக்குக் கழிய முதலே செத்த துடக்கு வந்து ஏறியிட்டுது. கோயில் எனக்கு இன்னும் பூட்டுத்தான்.

அடுத்த சனிக்கிழமையும் வேலைக்குப் போனன். வீட்டிலை இருந்தால் விசர் பிடிச்சிடும். மாடத்திலை எண்ணெய்க் கறை அப்பிடியே இருந்தது. தொட்டியின்ரை மூடியைத் திறந்தன். மனுசியும் நானும் ஒருத்தருக்கும் சொல்லாமல் முப்பத்தொண்டுக்கெண்டு வைச்சிருந்த பேரைக் குனிஞ்சு அந்த வெறுந்தொட்டிக்குள்ளை ஒருக்காச் சொன்னன்.

அடுத்த நாளும் ஆரோ ஒரு பிள்ளைக்குப் பேர் வைக்கினமாம். துணியை எடுத்து மினுக்கத் தொடங்கினன்.