ராத்தாவின் கடுவனும் எங்கள் ஏசியும்

எங்கள் வீட்டு ஏசியைக் கெடுத்தது பூனை மூத்திரம் என்று சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த மெசின் செத்ததில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. அது இருந்த காலத்தில் என் கையைவிட்டு என்ன போனது என்பதுதான் கவலை. அதைக் கேட்கத்தான் ஒருவருக்கும் பொறுமை இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனையில் வீட்டுக்கு ஒருவர் சவுதிக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். கல்யாணம் முடித்த மறுவருஷமே என் மாப்பிள்ளையும் போனார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டிகளோடு வருவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சீதனமாகத் தந்த கல்வீட்டில் நான் ஒருத்தி. இரவில் துணைக்குப் படுக்க என் உம்மாவின் தங்கை, சாச்சி, வருவா. வந்த கையோடு தூங்குவா, விடிய சுபஹு தொழுததும் தன் வீட்டுக்குப் போய்விடுவா. அவவுக்குக் காதும் மந்தம். அவவோடு கதைப்பதும் சுவரோடு கதைப்பதும் ஒன்றுதான்.

நான் கதைத்ததெல்லாம் அடுத்த வளவு ராத்தாவோடுதான். சொந்தமில்லை, என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவ, அதனால் ராத்தா. நாலு பிள்ளைகள், மாப்பிள்ளை தையல்காரர். என் அறை ஜன்னலும் அவவுடைய குசினி வாசலும் நேருக்கு நேர். நடுவில் ஒரு கிடுகு வேலி, அதுவும் ஜன்னல் பக்கம் சாய்ந்துபோய் இடுப்புக்குக் கீழேதான் நிற்கும். நான் கட்டிலில் இருந்தபடி கதைப்பேன், அவ குசினி வாசலில் குந்தி மீன் கழுவியபடி கதைப்பா. முக்காடு தேவையில்லை, தலை வாரியிருக்கத் தேவையில்லை. அவ சமைத்த ஆணம் வேலிக்கு மேலால் இங்கே வரும், நான் சுட்ட ரொட்டி அங்கே போகும். நான் வாய் ஓயாதவள். ராத்தா என்னையும் மிஞ்சினவ. நோன்பு மாதத்தில் சாச்சி தன் பிள்ளைகளுக்கு விடியுமுன் சாப்பிடும் சஹர் சமைக்க அங்கேயே தங்கிவிடுவா. என்னை எழுப்புவது ராத்தாவின் குரல்தான். "புள்ள, எழும்பு! சஹர் முடியப் போகுது, பொறகு நாள் முழுக்க மொகத்தத் தொங்கப் போட்டுட்டுத் திரிவாய்!"

அப்படியிருக்கும்போதுதான் மாப்பிள்ளை ஏசியோடு வந்து இறங்கினார். ஊரில் வேறு எந்த வீட்டில் இருந்ததென்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவே திரண்டு வந்தது. சுவரை உடைத்தால் வெடித்துப் போகும் என்று கொத்தனார் சொல்ல, ஜன்னலில் வைப்பதென்று முடிவானது. தெருப்பக்க ஜன்னலில் வைத்தால் களவு போகும். ஆகவே வேலிப்பக்க ஜன்னல். மெசினின் முகம் என் கட்டிலைப் பார்த்திருக்க, முதுகு ராத்தாவின் குசினியைப் பார்த்தது. மிச்ச இடைவெளிக்குப் பலகை அடித்தார்கள்.

ராத்தாவோடு கதைக்கிற ஜன்னல், அதை அடைக்க வேண்டாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வெயிலில் நின்று உழைத்த மனிசன், பெண்சாதி குளிர்ச்சியாகத் தூங்கட்டும் என்று கொண்டுவந்திருக்கிறார். "எப்பிடி?" என்று கேட்டார். "நல்லாரிக்கி" என்றேன். வேறென்ன சொல்ல? லீவு முடிந்து போய்விட்டார்.

வந்து பார்த்த பெண்களெல்லாம் கொஞ்ச நாள் வந்து குளிரில் இருந்தார்கள். "மையித்து கெடாம வைக்க நல்ல அறை" என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனா. பிறகு ஒருவரும் வரவில்லை. ராத்தா மட்டும் ஒரு முறை வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, "இதுக்குள்ள எப்பிடிப் புள்ள இரிக்காய்? எனக்கு எலும்பு நடுங்குது" என்று எழும்பிப் போனா. அவவுடைய குசினிக்கோ மெசினின் முதுகிலிருந்து சூடு அடித்துக்கொண்டிருந்தது. அதை அவ சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அந்த வருஷ நோன்பில் முதல் நாளான தலைநோன்பு அன்றே நான் சஹர் இல்லாமல் கிடந்தேன். மெசினின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பகலில் தெருவோரக் கடப்படியில் கண்டபோது ராத்தா சொன்னா: "தொண்டை கிழியக் கூப்பிட்டன். பணக்காரிக்குக் காது கேக்கல்லையாக்கும்." பகடிதான். ஆனாலும் அடுத்த நாள் அவ கூப்பிட்டாவா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் மணிக்கூட்டில் அலாரம் வைக்கப் பழகிக்கொண்டேன்.

பெருநாளுக்குப் பிறகு நாற்றம் தொடங்கியது. மெசினைப் போட்டால் குளிரோடு சேர்ந்து ஒரு நெடி, மூக்கைப் பொத்தினாலும் போகாத நெடி. பின்னால் போய்ப் பார்த்தேன். ராத்தாவின் கடுவன் பூனை, குரும்பை அளவு தலையோடு ஒரு மஞ்சள் தடியன், வாலைத் தூக்கி மெசினின் முதுகில் பீச்சிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டும் பயமில்லை. வேலையை முடித்துவிட்டுத்தான் போனது.

ராத்தாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தா. "நான் என்ன புள்ள செய்யிற? கடுவனுக்குக் காச்சட்டையா தெச்சுப் போடுற? எங்கட மனிசன்ட்டக் கேக்கட்டா?" பிறகு சிரிப்பை நிறுத்தி, "அது அதுட வேலி. புதுசா வந்தது உன்ட மெசின்தானே" என்றா. நியாயம்தான். ஆனால் நியாயம் எனக்கு அப்போது இனிக்கவில்லை.

பூனை நஜீஸ் இல்லை, அசுத்தமில்லை; அதன் மூத்திரம்தான் நஜீஸ். அந்த நெடி வீசுகிற அறையில் எப்படித் தொழுவது? தொழுகைப் பாயைக் குசினிக்கு மாற்றினேன். காலையில் ஒரு வாளித் தண்ணீரோடு பின்னால் போய் மெசினைக் கழுவினேன். நஜீஸ் பட்ட எதையும் அப்படித்தானே கழுவுவோம்? எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க ஏலாத உவர். அதுதான் கையில் இருந்தது. நான் கழுவக் கழுவ அதுவும் வந்து பீச்சியது. எனக்கும் ஒரு பூனைக்கும் போட்டி, வேறு வேலையில்லாதவள் போல.

ஒரு நாள் வாளியை வீசி ஊற்றியதில் தண்ணீர் வேலியைத் தாண்டிவிட்டது. அங்கே கொடியில் ராத்தாவின் வெள்ளைத் தொழுகை உடுப்பு காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன புள்ள இது! உன்ட நஜீஸ என்ட தொழுகை உடுப்புல ஊத்துறாய்?"

"என்ட நஜீஸா? உங்கட பூனைட மூத்திரம்தானே. உங்கட ஊட்டுக்கே வந்திரிக்கி" என்றேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. சூடு அடிக்கிறது, இரைச்சலில் பிள்ளைகள் படிக்க ஏலாமல் கிடக்கிறார்கள் என்று அவ சொல்ல, "ஏசி இல்லாத வயித்தெரிச்சல்ல கதைக்கிறீங்க" என்று நான் சொன்னேன். அவவுடைய முகம் மாறியது. உடுப்பைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னா: "புள்ள குட்டி ஒண்டு இருந்தா, பூன மூத்திரத்துக்குப் பின்னால திரிய உனக்கு நேரம் இரிக்காது."

நான் வாளியை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே வந்து மெசினைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

மார்க்கப்படி மூன்று நாளைக்கு மேல் கதைக்காமல் இருக்கக் கூடாது என்பது அவவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதலில் சலாம் சொல்பவர்தான் மேலானவர் என்பதும் தெரியும். இரண்டு பேரும் மற்றவரை மேலானவராக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று நாள் போய், மாதம் போய், மாதங்களும் போயின. நான் பின்பக்கம் போவதையே விட்டேன். வீம்பு. மெசினைக் கழுவவும் இல்லை. கடுவனுக்கு நல்ல காலம்.

அந்த நாட்களை என்னவென்று சொல்வது? சமைப்பேன், தனியாகத் தின்பேன், மிஞ்சினதைக் கோழிக்குப் போடுவேன். சில நாளில் பின்னேரத்து அஸர் தொழுகை வரைக்கும் ஒரு சொல்கூடக் கதைத்திருக்க மாட்டேன். ஒரு முறை கடைப் பொடியன் "என்ன ராத்தா வேணும்?" என்று கேட்க, எனக்குக் குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிவிட்டுத்தான் சீனி கேட்டேன். மாப்பிள்ளை குரல் பதிந்து அனுப்பிய கசற்றில் "அறை குளிரா இரிக்கா?" என்று கேட்டிருந்தார். ஓம், நல்ல குளிர்.

அடுத்த நோன்புக்கு முன்னமே மெசின் வெறுங்காற்றை ஊதத் தொடங்கியது. பிரிஜ் திருத்துகிறவரைக் கூப்பிட்டேன். பின்னால் போய் மூடியைக் கழற்றியவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். உள்ளே இருந்த தகட்டு வரிசையெல்லாம் கையால் தொட்டால் மாவாக உதிருதாம். செம்புக் குழாய் பச்சை பூத்து, ஓட்டை விழுந்து, காஸ் முழுக்கப் போய்விட்டதாம். "பூனை மூத்திரம் பாதி, உவர்த் தண்ணி பாதி" என்றார். "புதுசுதான் போடணும். இஞ்ச கிடைக்காது, சவுதில இருந்துதான் வரணும்."

"வேணாம். கழட்டிக் கீழ வைங்க" என்றேன். அவர் திகைத்துப் பார்த்தார். சாமான் போனதற்கு ஒரு பெண் இவ்வளவு சந்தோசப்பட்டதை அவர் கண்டிருக்க மாட்டார். ஒருவரும் யாரிடமும் தோற்காமல் சண்டையை முடிக்க அல்லாஹ் ஒரு வழி திறந்திருக்கிறான் என்று நினைத்தேன். ஜன்னல் திறந்தால் போதும். குசினி வாசலில் அவ குந்தியிருப்பா. "மெசின் செத்துப் போச்சு ராத்தா" என்பேன். அவ சிரிப்பா. அவ்வளவுதான் வேண்டும்.

அவர் பலகைகளைக் கழற்றி, மெசினை இறக்கி வைத்தார். வெளிச்சம் வந்தது. எதிரே தகரம். வேலியோரமாக, குசினி வாசலை முழுக்க மறைத்து, ஆளுயரத்துக்கு மேலே புதுத் தகரம் அடித்திருந்தார்கள். சூட்டுக்கும் இரைச்சலுக்கும் அடித்திருக்க வேண்டும். எப்போது அடித்தார்களோ தெரியாது. மெசின் இரைச்சலில் எனக்கு எது கேட்டது?

தகரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. கூப்பிட வாயெடுத்தேன். தகரத்தைப் பார்த்து எப்படிக் கூப்பிடுவது?

பின்னேரம் முக்காடு போட்டுக்கொண்டு தெருவால் சுற்றி, அவவுடைய முன்வாசலுக்குப் போனேன். பக்கத்து வீடு. எத்தனையோ வருஷமாய்ப் பழகியும் அந்த வாசலால் நான் போனதில்லை. சலாம் சொன்னேன். உள்ளேயிருந்து வந்த ராத்தா பதில் சலாம் சொல்லி, சீலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டா. எனக்கு முன்னால்! "வாங்க, இரிங்க" என்று கதிரையைத் துடைத்துவிட்டா.

கோபம் ஒன்றும் இல்லை. முகம் சிரித்த முகம்தான். கண்ணாடி அலுமாரியைத் திறந்து விருந்தாளிக் கோப்பையை எடுத்தா. தட்டத்தில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வந்தன. மாப்பிள்ளையைச் சுகம் விசாரித்தா, சாச்சியின் காதை விசாரித்தா. நான் அவவுடைய மூத்த மகளின் படிப்பைக் கேட்டேன். ஏசி கெட்டுப்போனதைச் சொன்னேன். "அப்பிடியா, பாவம்" என்றா. "என்னய மன்னிச்சிடுங்க ராத்தா" என்றேன். "எல்லாம் அண்டைக்கே மறந்தாச்சு" என்று பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினா. ஒன்று எடுத்துத் தின்றேன். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் இல்லை. எழும்பினேன். கடப்படி வரைக்கும் வந்து, நான் தெருவில் இறங்கும் வரை நின்று, "நேரம் கிடைக்கிற நேரம் வந்து போங்க" என்றா.

வீட்டுக்கு வந்து முக்காட்டைக் கழற்றாமலே குசினித் தரையில் இருந்து அழுதேன். மாப்பிள்ளை முதல் தடவை சவுதிக்குப் போன அன்றும் நான் அப்படி அழவில்லை.