அடுப்பு மேடையில் இரண்டு பேட்டரிகள்

என் வீட்டுக்காரர் ஜூட்சனைப் பற்றிச் சொல்வதென்றால் என் சக்களத்தியிடமிருந்துதான் தொடங்க வேண்டும். உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம், பச்சை பூத்த சின்னக் கண்ணாடி முகம். கூடவே வரும் குச்சியால் தொட்டால்தான் எதையும் காட்டுவாள். நான் கல்யாணமாகி அக்கரப்பத்தனைக்கு வந்தபோதே அவள் இவருடைய சட்டைப்பையில் குடியிருந்தாள்.

கொழும்பு வெள்ளவத்தையில் கணினி திருத்தும் கடை ஒன்றில் இவர் சில வருடம் வேலை செய்தார். அங்கே யாரோ திருத்தக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமலே போன கையடக்கக் கருவி அது. முதலாளி குப்பையில் போடச் சொன்னார், இவர் பையில் போட்டுக்கொண்டார். பிறகு ஊருக்கு வந்து ஆட்டோ ஓட்ட ஆரம்பித்தார். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோர் கையிலும் போன் இருந்த காலம்தான், ஆனால் அது பேச மட்டும். அதற்கும் கோயில் மேட்டில் ஏறி நிற்க வேண்டும். இணையம் என்பது ஹட்டன் டவுனில், பிரதாப்பின் நெட் கபேயில் இருந்தது.

இவர் என்ன செய்வாரென்றால், ஹட்டனுக்குச் சவாரி போகும்போதெல்லாம் பிரதாப்பின் மூலைக் கணினியில் போய் உட்கார்ந்துவிடுவார். எங்கோ ஒரு நாட்டில் யாரோ சில பேர், ஒரு சதம் சம்பளம் வாங்காமல் வெறும் ஆசைக்காக எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் விட்டிருந்த மென்பொருள் ஒன்றை அந்தக் கணினியில் போட்டு வைத்திருந்தார். எந்தப் பக்கம் வேண்டுமென்று முகவரி கொடுத்தால், அது போய் அந்தப் பக்கத்தை எடுத்து, விளம்பரம் அலங்காரமெல்லாம் கழித்து, எழுத்தையும் படத்தையும் சுருக்கி இந்தக் கருவிக்குள் ஏற்றிவிடும். அப்புறம் இணையமே இல்லாத எங்கள் மலையில், ஆட்டோவுக்குள் காலை நீட்டிக்கொண்டு வாசிக்கலாம்.

வாசித்தார், வாசித்தார், அப்படி வாசித்தார். திமிங்கிலம் எப்படித் தூங்கும், பாலைவனத்தில் கிணறு எப்படி வெட்டுவார்கள், எல்லாம் எங்கள் வீட்டில் சோற்றோடு பரிமாறப்படும். ஒரு நாள் பென்குவின் பறவை முட்டையைக் காலில் வைத்து அடைகாப்பதில் மனிதர் மூழ்கிப்போய், நானுஓயாவில் ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒரு குடும்பத்தை ஏற்றப் போகவே மறந்துவிட்டார். அவர்கள் திட்டிய திட்டு அடுத்த லயத்து வீட்டு வரிசைவரைக்கும் கேட்டது. நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? என் பங்குக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு பென்குவினிடம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

அந்த ஆசைக்கு ஒரு நாள் வேலை வந்தது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் நான். எங்கள் லய வரிசையில் கடைசிக் காம்பரா வீட்டில் இருந்த நிலக்ஷிக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை, பெயர் கிஷாந்த். மேலுதடு மூக்குவரைக்கும் பிளந்திருந்தது, உள்ளே அண்ணமும் பிளவு. கொடுக்கிற பாலில் பாதி மூக்கு வழியாக வந்தது. கண்டியில் பெரிய டாக்டர்மார் பார்த்து, உதட்டைத் தைத்துச் சரி பண்ணிவிடலாம், முதலில் பிள்ளை நிறை கூட வேண்டும் என்றார்கள். எப்படிப் பால் கொடுப்பது என்றும் காட்டித்தான் அனுப்பினார்கள். ஆனால் அவர்கள் சொன்னது சிங்களத்தில், இவள் அழுத அழுகையில் பாதி காதிலேயே ஏறவில்லை.

பால் ஒரு பக்கம் இருக்கட்டும். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பெண்கள் பேசிய பேச்சுத்தான் அவளைக் கொன்றது. அந்த வருடம் பொங்கலுக்கு மறுநாள் சூரிய கிரகணம். கிரகணத்தில் கர்ப்பிணி கத்தியைத் தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிற விஷயம். அன்று அவள் பலாக்காய் வெட்டியதைப் பக்கத்துக் காம்பரா பார்த்திருக்கிறது.

"வாயக் கட்ட முடியாம வெட்டித் தின்னுட்டு, இப்ப பிள்ளையில்ல அனுபவிக்குது" என்று அவள் காதில் விழும்படியே சொன்னார்கள். நிலக்ஷி ஒருத்திக்கும் பதில் சொல்லவில்லை. அவள் புருஷன் கஜேந்திரன் கவ்வாத்து வெட்டுகிறவன், தேயிலைச் செடியைக் கழித்துவிடும் வேலை. நல்ல உழைப்பாளி. அவனும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவன்மேல்தான் எரிச்சலாக வந்தது.

நான் ஜூட்சனிடம், "திமிங்கிலத்துக்கெல்லாம் பாக்குறீங்களே, இந்தப் பிள்ளைக்கு ஒன்னு பாருங்களேன்" என்றேன். அடுத்த முறை ஹட்டனிலிருந்து வந்தபோது இரண்டு பக்கங்கள் கொண்டுவந்தார். முதலாவது பால் கொடுக்கும் முறை. படமும் இருந்தது, பிள்ளையை எவ்வளவு நிமிர்த்திப் பிடிப்பது, போத்தலை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று. கருவியில் தமிழ் எழுத்து வராது, கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் ஆங்கிலத்தில் இருந்ததை இவர் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, நிலக்ஷி படத்தைப் பார்த்துப் பிள்ளையைப் பிடித்தாள். கொஞ்சம் கொடுத்து, நிறுத்தி, ஏப்பம் விடவைத்து, மறுபடி கொஞ்சம். மூக்கு வழியாக வருவது குறைந்தது. சில நாளிலேயே பிள்ளையின் கன்னம் கொஞ்சம் சதை பிடித்தது. எனக்கு அப்போதுதான் சக்களத்திமேல் லேசாக மரியாதை வந்தது.

இரண்டாவது பக்கம் இந்தப் பிளவு எதனால் வருகிறது என்பது. "தாய் மேல குத்தமே இல்லன்னு இதுல போட்டிருக்கு தங்கச்சி" என்று ஜூட்சன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்னார். அவள் முகம் மாறியது.

"எனக்கு மட்டும் வாசிக்காதீங்கண்ணே. அவரு வரட்டும். அவரு காதுல விழணும்" என்றாள்.

கஜேந்திரன் விறகுக்குப் போயிருந்தான். ஒரு சவாரி வந்து கூப்பிட்டதால், பால் கொடுக்கும் படத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கருவியை அவளிடமே விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து வாசிக்கிறேன் என்று இவர் போனார்.

திரும்பி வந்தபோது நானும் கூடப் போனேன். கஜேந்திரன் வாசலிலேயே நின்றான். முகத்தில் நல்லது செய்தவனின் சந்தோஷம்.

"அண்ணே, எழுத்து மங்கிப் போச்சுண்ணே. பாதியில நின்னுட்டா என்னா செய்யிறதுன்னு பேட்டரியக் கழட்டி அடுப்பு மேடையில வச்சிருக்கேன். நல்லா சூடேறியிருக்கும். இப்ப போட்டா சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்."

எங்கள் லயங்களில் ரேடியோ வைத்திருந்த எல்லோரும் செய்வதுதான். பேட்டரி இறங்கினால் வெயிலில் வைக்க வேண்டும், எங்கள் ஊரில் வெயிலுக்கு எங்கே போவது, அதனால் அடுப்பு மேடை. சூடேறினால் இன்னும் இரண்டு நாளைக்குப் பாட்டுக் கேட்கலாம். ரேடியோவுக்கு அது சரி. இந்தக் கருவிக்கு நினைவெல்லாம் அந்த இரண்டு பேட்டரியின் உயிரில்தான் இருக்கிறது. புதுசு மாற்றும்போதுகூட ஜூட்சன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒன்றைக் கழற்றிய கையோடு மற்றதைப் போடுவார். அரை மணி நேரம் கழற்றி வைத்தால் கதை முடிந்தது.

இவர் வெதுவெதுப்பாக இருந்த பேட்டரிகளைப் போட்டார். கருவி அன்றுதான் பிறந்ததுபோல் விழித்து, திரையில் இங்கே தொடு, அங்கே தொடு என்று கேட்டது. திமிங்கிலம், கிணறு, பால் கொடுக்கும் படம், அந்த இரண்டாவது பக்கம், வாசிக்க வைக்கிற மென்பொருள், எல்லாம் போயிருந்தன.

நிலக்ஷி பிள்ளையை மடியில் வைத்தபடி அழுதாள். பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்து, "பொண்டாட்டி மேல குத்தமில்லன்னு ஆயிரக் கூடாதுன்னே கழட்டிப்புட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் கஜேந்திரனைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அடிபட்டவன் மாதிரி சுவரோடு ஒட்டி நின்றான்.

ஜூட்சன் அவனைத் திட்டவில்லை. "நான் வாசிச்சதுதானே தம்பி, எனக்கு மனசில இருக்கு, சொல்றேன் கேளு" என்றார்.

கஜேந்திரன் தலையை ஆட்டினான். "வேணாண்ணே. நீங்க நல்லவரு. எங்க மனசு நோகக் கூடாதுன்னு நீங்களாவே சொல்லுவீங்க. அதுல எழுதியிருக்கணும்."

மறுநாள் காலையில் அவன் பெரட்டுக்குப் போகவில்லை. வேலைக்கு ஆள் கூப்பிடும் நேரத்தில் எங்கள் ஆட்டோ பக்கத்தில் வந்து நின்றான். "நானும் வாறேன். ஹட்டனுக்கு" என்றான். பிள்ளைக் காம்பராவுக்குப் பால்மா வாங்க வேண்டியிருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். தலவாக்கலை தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. பிரதாப் அந்த மூலைக் கணினியில் இருப்பதையெல்லாம் அழித்து அதை விற்றிருந்தால் என்ன செய்வது என்று ஜூட்சன் ஒரு தடவை முணுமுணுத்தார், பிறகு அதையும் நிறுத்திக்கொண்டார்.

கணினி இருந்தது. கரண்ட்தான் இல்லை. நாங்கள் மூவரும் கடை வாசலில் தேத்தண்ணீர் குடித்தபடி காத்திருந்தோம். கரண்ட் வந்ததும் ஜூட்சன் உட்கார்ந்து, வாசிக்க வைக்கிற மென்பொருளைக் கருவியில் மறுபடி ஏற்றினார். கணினியில் இருந்த மென்பொருள் எந்தெந்த முகவரிக்குப் போனோம் என்பதை மறக்காமல் வைத்திருந்தது. ஆமை வேகத்து இணைப்பில் ஒவ்வொன்றாகப் போய் மறுபடி எடுத்து வந்தது. திமிங்கிலத்தை விடுங்கள், முதலில் அந்தப் பக்கத்தை ஏற்றுங்கள் என்று நான் கத்தினேன். பிரதாப் புதுப் பேட்டரி இரண்டு கொடுத்தான்.

மழை விடாததால் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்து வாசித்தார்.

"மொதல்ல இங்கிலீஷ்ல வாசிங்க" என்றான் கஜேந்திரன்.

"ஒனக்கு வெளங்காதே தம்பி."

"வெளங்காட்டிப் பரவால்ல. இருக்குதான்னு பாக்கணும்."

ஜூட்சன் ஒவ்வொரு சொல்லையும் குச்சியால் தொட்டுக்காட்டி ஆங்கிலத்தில் வாசித்தார். கஜேந்திரன் ஒரு சொல்லும் புரியாமல், கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தமிழில் சொன்னார். பிள்ளை வயிற்றில் உருவாகும் முதல் சில வாரங்களில் முகத்தின் இரண்டு பக்கமும் வந்து சேர வேண்டும், சில பிள்ளைகளுக்குச் சேராமல் போய்விடுகிறது. பெரும்பாலும் காரணம் இன்னதென்று சொல்ல முடியாது. கிரகணத்தால் வருவதாகப் பல நாடுகளில் நம்புகிறார்கள், மெக்சிகோவில்கூடக் கர்ப்பிணிகள் கிரகணத்துக்குப் பயந்து இடுப்புத் துணியில் ஊக்கு குத்திக்கொள்வார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாயோ தகப்பனோ செய்த எதையும் நினைத்துத் தங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

"தகப்பன்னும் போட்டிருக்கா?" என்று கேட்டான் கஜேந்திரன்.

"போட்டிருக்கு. இந்தா, இந்தச் சொல்லு."

அவன் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தான். வைத்த விரலை எடுக்காமலே அழ ஆரம்பித்தான். நான் பயந்துபோனேன்.

"பொல்பிட்டியில அக்கா வீட்டுல இருந்து நாந்தான் அந்தப் பலாக்காயக் கொண்டாந்தேன். வெட்டுன்னு சொன்னதும் நாந்தான். நாள் தள்ளிப் போயிருக்கு, இன்னைக்கு வேணாங்கன்னு அவ சொன்னா. நான் சிரிச்சேண்ணே. பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன். புள்ளயப் பாத்த அன்னையில இருந்து நாந்தான்னு நெனச்சுக்கிட்டு கெடக்கேன். அவ ஒரு ஆளுகிட்டயும் என்னையச் சொல்லல."

ஜூட்சன் குச்சியை எடுத்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அவன் கேட்க, இன்னொரு தடவையும் வாசித்தார். எனக்கு என் புருஷனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. டவுன் நடுவில் என்பதால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவன் பேட்டரியைச் சூடேற்றியது வாசிப்பது நின்றுவிடக் கூடாது என்றுதான், எல்லோரையும்விட இவனுக்குத்தான் அந்தப் பக்கம் வேண்டியிருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பகல் தண்ணீருக்குப் பெண்கள் சேர்ந்திருந்த நேரத்தில் ஆட்டோ லயத்துக்குத் திரும்பியது. கஜேந்திரன் நேராகப் பீலியடிக்குப் போனான். நிலக்ஷியும் குடத்தோடு அங்கே நின்றாள், பிள்ளை அவள் தோளில்.

"அன்னைக்குப் பலாக்கா வெட்டச் சொன்னது நாந்தான். அவ வேணாம்னுதான் சொன்னா. கெரகணத்துக்கும் என் புள்ளைக்கும் சம்பந்தமில்ல, ஜூட்சண்ணே வாசிச்சுக் காட்டுனாங்க. இன்னமே யாராச்சும் ஏதாச்சும் கேக்கணும்னா என்னையக் கேளுங்க."

முதல்நாள் எட்டிப் பார்த்தவள் குடம் நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் நின்றாள். நிலக்ஷி அவனையே பார்த்தாள். பிள்ளை பிறந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்று சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு.

"சரி. அடுத்த தடவ பலாக்கா கொண்டாந்தா நீங்களே வெட்டுங்க" என்றாள்.

அடுத்த மாதங்களில் கிஷாந்துக்கு நிறை கூடி, கண்டியில் உதட்டைத் தைத்தார்கள். பிறகு அண்ணத்தையும் சரி செய்தார்கள். இப்போது பெரிய பையன், உதட்டில் ஒரு மெல்லிய கோடு மட்டும், வாய் ஓய்வதே இல்லை. இன்று எல்லோர் போனிலும் இணையம் இருக்கிறது. ஜூட்சனோ இன்னமும் அந்தப் பழைய கருவியில்தான் வாசிக்கிறார். கஜேந்திரன் டவுனுக்குப் போய்வந்தால் இரண்டு புதுப் பேட்டரியை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். பொல்பிட்டியிலிருந்து பலாக்காய் வருகிற நாளில், கையெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு லயத்து வாசலில் உட்கார்ந்து அதை வெட்டுவதும் அவன்தான்.