சுமத்ரா மாமாவின் வீடு

பதினொரு வயது வரைக்கும் என் தாய்மாமா எனக்கு ஒரு தொலைபேசிக் குரல் மட்டும்தான். பெருநாளைக்குப் பெருநாள் கூப்பிடுவார். நாங்கள் வரிசையில் நின்று சலாம் சொல்வோம். பாதிப் பேச்சில் இணைப்பு அறுந்துவிடும். “அங்க அலை ஜாஸ்தி போலருக்கு” என்பார் உம்மா, தன் அண்ணனின் குரல் ஏதோ படகில் ஏறி வருவதைப் போல.

அவர் இருந்தது இந்தோனேசியாவில், சுமத்ரா தீவின் மேற்குக் கரையில், ஒரு மீன்பிடி கிராமம். எங்கள் பரங்கிப்பேட்டையில் பாதி வீட்டு ஆண்கள் மலேசியா, சிங்கப்பூர் என்று போய் வருகிறவர்கள்தான். மாமாவும் மீசை முளைத்த கையோடு மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போனவர். அங்கே பழக்கமான ஒரு துணி வியாபாரியோடு கடல் தாண்டி சுமத்ராவுக்குக் கைலி விற்கப் போனார். ஊர் ஊராகப் போய், கடைசியாகப் போன ஊரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அந்த மாமியை நாங்கள் படத்தில்தான் பார்த்திருந்தோம். அவர்களுக்கு ஒரே மகள். என்னைவிட ஒரு வயது சின்னவள்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, மழைக்காலம் முடிகிற சமயத்தில், மாமா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கி நின்றுகொண்டுதான் வாப்பாவுக்கு போன் செய்தார். வாப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். வரும்போது பின்சீட்டில் மாமா, மடியில் ஒரு துணிப்பை. அவ்வளவுதான் சாமான்.

வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் எங்கள் தெருவில் பெட்டி பிரிக்கும் நேரத்துக்குச் சரியாகக் கூட்டம் கூடிவிடும். அத்தர், சாக்லேட், தைலம், குறைந்தபட்சம் ஒரு சோப்பு. மாமா துணிப்பையைக் கவிழ்த்தார். கை நீளத்துக்குச் சுருள் சுருளாக லவங்கப்பட்டை வந்து விழுந்தது. அவர் தோட்டத்தில் விளைந்ததாம். வீடு முழுக்க பிரியாணி வாசம். பக்கத்து வீட்டு மாமி ஒரு சுருளை முந்தானையில் முடிந்துகொண்டு, “கடல் கடந்து போயி கறிக்குப் பட்டை கொண்டாந்த ஒரே ஆளு உங்க அண்ணன்தாம்மா” என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். உம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கோ ஒரு சுருளைக் கடித்துப் பார்த்ததில் மாமாவை மிகவும் பிடித்துப்போயிற்று. அவ்வளவு இனிப்பு.

அன்று மாலை சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது வாப்பா ஊரைப் பற்றிக் கேட்டார். மாமா மெதுவாகச் சொன்னார். அவருடைய தமிழ் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. ஒரு சொல்லைத் தேடி நிற்பார், கிடைத்ததும் சிரிப்பார்.

படாங் என்ற நகரத்தில் இறங்கி மலையோரமாகவே அரை நாள் பஸ்ஸில் போக வேண்டுமாம். பிறகு ரோடு முடிந்துவிடுமாம். அங்கிருந்து மோட்டார் படகு. படகு வரும் நாள் என்று ஒன்று உண்டு; ஆனால் கடல் கொந்தளித்தால் அந்த நாளும் கிடையாது, அடுத்ததும் கிடையாது. அரிசி, மண்ணெண்ணெய், மருந்து, கல்யாண மாப்பிள்ளை, எல்லாமே படகில்தான் வரும். வீடுகள் மரக்கால்களின் மேல் நிற்கும். அடியில் கோழியும் வலையும் கிடக்கும்.

“உங்க வீடு எத்தனை ரூமு மச்சான்?” என்றார் வாப்பா.

“என் வீடு இல்ல மச்சான். அங்க வீடு, நெலம் எல்லாம் பொம்பளைங்க பேருலதான். தாய்க்கு அப்புறம் மவளுக்கு. மாப்பிள்ளை வந்து இருந்துக்கலாம். தோட்டம் நான் வச்சதுதான். அதுவும் அவுங்களோடதுதான்.”

எங்கள் பக்கமும் மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அழைத்துக்கொள்வதுதான் வழக்கம். நாங்கள் இருந்த வீடும் உம்மாவுக்கு நிக்காஹ்வின்போது எழுதிக் கொடுத்தது. வாப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “அப்ப அங்கயும் இதே கதைதானா? நாம எங்க போனாலும் வாடகை குடுக்காத குடித்தனக்காரங்கதான் மச்சான்!”

எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். பிறகு தட்டில் இருந்த சோற்றை ஓரத்திலிருந்து நடுவுக்கும், நடுவிலிருந்து ஓரத்துக்கும் தள்ளிக்கொண்டே இருந்தார்.

ஓரிரு நாள் கழித்து நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது உம்மா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மாமா எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மாமிக்கு உடம்பு சரியில்லாமப் போயி மவுத்தாயிட்டாங்கம்மா. துஆ செய்யி” என்றார்.

மிச்சத்தை ராத்தாவும் உம்மாவும் பேசிக்கொண்டதிலிருந்து நான் துண்டு துண்டாகப் பொறுக்கினேன். ராத்தா என்பது என் அக்கா. மாமிக்குப் பிரசவ வலி முன்னாலேயே கண்டுவிட்டது. பிள்ளை திரும்பிக் கிடந்தது. மருத்துவச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். படகுத்துறையில் மாமியைப் பாயில் கிடத்திக்கொண்டு மாமா கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறார். படகு வரவில்லை. அலை இறங்கியபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

துக்கம் கழிந்ததும் மாமியின் அண்ணன்கள் மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசினார்களாம். பெண் போன வீட்டில் மருமகன் இருப்பது அங்கே வழக்கமில்லை. மாமியின் தங்கை வேறு கல்யாணமாகாமல் இருக்கிறாள். அந்தத் தேசத்தில் மாமாவுக்குத் தங்க அனுமதி இருந்ததும் மனைவியின் பேரில்தான். அதுவும் முடியப் போகிறது. மகள் அந்த வீட்டுப் பெண்; அவளை யாரும் எங்கேயும் அனுப்ப முடியாது. கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். எல்லோரும் அழுதார்களாம். பட்டையைக் கட்டிக் கொடுத்ததும் அவர்கள்தானாம்.

மாமாவை மாடி அறையில் தங்க வைத்தோம். அலை இல்லாத நாட்களில் அவருடைய மகள், சிக்னல் கிடைக்கும் படகுத்துறைக்கு வந்து வீடியோ காலில் பேசுவாள். சுருட்டை முடி, முன்பல் ஒன்று கொஞ்சம் தூக்கல், அப்படியே மாமா. திரையில் முகம் தெரிந்ததும் “ஆயா! ஆயா!” என்று கத்துவாள். அந்த மொழியில் அப்பாவுக்கு அதுதான் பெயர் என்றார் மாமா. மீசை வைத்த மனுஷரை ஒரு பெண் ஆயா என்று கூப்பிடுவது எனக்குத் தாங்க முடியாத வேடிக்கையாக இருந்தது. கைலி நுனியை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பேன். மாமா கோபித்ததே இல்லை. அந்த மொழியில் பேசும்போது அவர் சொல் தேடி நின்றதும் இல்லை.

ஒருநாள் கடலூருக்கு விசா விசாரிக்கப் போனவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சனிக்கிழமை என்று நினைவு. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த டிராவல்ஸுக்குப் போனோம். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். எனக்குச் சுழல் நாற்காலி கொடுத்தார்.

“சுத்திப் பாக்கப் போறதுன்னா போயிட்டு வந்துடலாம் பாய். அங்கயே இருக்கணும்னா அங்கேருந்து ஒரு ஆளு உங்கள கூப்பிடணும். சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?”

“இருக்காங்க. என் பொண்ணு.”

“அப்ப பிரச்சினையே இல்ல. என்னா பண்றாங்க?”

“படிக்குது.”

“காலேஜா?”

“அஞ்சாவது.”

அவர் பேனாவை மூடி வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்து, கடைப் பையனைக் கூப்பிட்டு எங்களுக்கு டீ வாங்கி வரச் சொன்னார். நான் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். திரும்பும்போது மாமா என்னை முதுநகர்ப் பக்கம் கூட்டிப் போய்த் துறைமுகத்தைக் காட்டினார். படகுகள் திரும்பிய நேரம். ஒரே மீன் கவிச்சி. “இந்தத் தண்ணிதான் அங்கயும் போவுது” என்றார். எனக்குப் பசித்தது, அதைச் சொன்னேன். பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

அந்த மாசி வாக்கில் ராத்தாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. துபாயில் வேலை. வழக்கப்படி எங்கள் வீடு ராத்தாவுக்கு, மாடி மணமக்களுக்கு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒரு கூட்டமாக வீடு பார்க்க வந்தார்கள். மாடி அறைக் கதவைத் திறந்தவர்கள் கொடியில் தொங்கிய மாமாவின் கைலியைப் பார்த்தார்கள்.

“இங்க யாரு இருக்காங்க?” என்றார் மாப்பிள்ளையின் தாயார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

“எங்க அண்ணன். வெளிநாட்டு சபர்லேருந்து வந்திருக்காங்க. கொஞ்ச நாள்ல போயிடுவாங்க” என்றார் உம்மா.

மாமா அப்போது வந்தவர்களுக்குக் குடிக்க ரோஸ்மில்க் எடுத்துக்கொண்டு படியில் ஏறிக்கொண்டிருந்தார். பின்னால் பிஸ்கட் தட்டோடு நான். அவர் நின்றார். நான் முட்டிக்கொண்டேன். பிறகு ஏறிப்போய், பார்வையைத் தாழ்த்தியபடி வாசற்படியில் தட்டை வைத்துவிட்டு இறங்கி வந்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

மறுநாளே சிதம்பரத்தில் ஒரு பிரியாணிக் கடையில் வேலை கிடைத்திருப்பதாகவும், தங்க இடமும் கொடுப்பதாகவும் சொன்னார்.

“நான் உங்கள போவச் சொல்லலியே அண்ணே” என்றார் உம்மா.

“நீ எங்கம்மா சொன்ன? நானாத்தான் போறேன். தெனம் பஸ்ஸுல போயி வர்றது கஷ்டம்ல.”

“நிக்காஹ் முடிஞ்சதும் வந்துடுங்க. கீழ ஒரு ரூமு எறக்கிடுறேன்.”

“சரிம்மா.”

அவர் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை நானும் வாப்பாவும் பஸ்ஸில் கூடப் போனோம். வாப்பா கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருக்க, மாமா என்னை மேலே அழைத்துப் போனார். கடைக்கு மேல் மொட்டைமாடியில் தகரம் போட்ட ஓர் அறை. நான்கு பேர் தங்கும் இடம். மாமாவின் பங்கு ஒரு பாய், ஒரு ஆணி. ஆணியில் பையை மாட்டியதும் குடியேறுவது முடிந்துவிட்டது. கீழேயிருந்து வந்த தம் பிரியாணி வாசனையை முகர்ந்து, ஜன்னலில் தெரிந்த கோபுரத்தையும் புறாக்களையும் பார்த்து நான் மாமாவுக்கு அதிர்ஷ்டம்தான் என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. அவருடைய மகள். மாமா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். அவள் வழக்கம்போல “ஆயா!” என்று கத்திவிட்டு, பின்னால் தெரிந்த புதிய இடத்தைக் கண்டு முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்தாள். பிறகு கேட்டாள்:

“ரூமா ஆயா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ்! எவ்வளவு தெளிவாகக் கேட்கிறாள்! மாமா வாய் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டு கத்தினேன்: “ஆமா! ரூமுதான்! ரூமுதான்!”

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளிடம் ஒரே ஒரு சொல் சொல்லி, போனை ஜன்னல் பக்கம் திருப்பிக் கோபுரத்தைக் காட்டினார். அவள் “ஓ” என்று வாயைப் பிளந்தாள். வெகுநேரம் போனை அந்தப் பக்கமே பிடித்திருந்தார். அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது; புகை கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

கீழ் அறையை உம்மா உண்மையிலேயே இறக்கிக் கட்டினார். அதற்கு வெள்ளையடிப்பதற்குள் ராத்தாவுக்குப் பிள்ளை பிறந்து, தொட்டில் அங்கே போயிற்று. மாமா பெருநாளைக்கு வருவார், மாலையில் கிளம்பிவிடுவார். சில வருடங்கள் கழித்து அந்தத் தகரக் கொட்டகையிலேயே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். ஊருக்குக் கொண்டுவந்து எங்கள் பள்ளிவாசல் மையவாடியில் அடக்கினோம்.

அவருடைய போன் என்னிடம் வந்தது. அவர் மகளுக்கு விஷயத்தைச் சொல்லும் வேலையும் எனக்கே வந்தது. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பேசிக்கொள்கிறோம். கைபேசி மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. அவளுக்குக் கல்யாணமாகி, இப்போது அந்த மரக்கால் வீடு அவள் பேரில் இருக்கிறது.

போன வாரம் அவள் எழுதியிருந்தாள்: “இந்தியாவில் என் அப்பாவின் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்? மாடியில், கோபுரம் தெரியும் ஜன்னலோடு இருந்ததே. அது அப்பாவின் வீடா என்று நான் கேட்டேன். ஆமாம் என்றார். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சந்தோஷமாகக் கத்தினாய்.”

அப்போதுதான் தேடிப் பார்த்தேன். அந்த மொழியில் ரூமா என்றால் வீடு.

அவள் கேட்டது எனக்குப் புரியவில்லை. நான் கத்தியது அவளுக்குப் புரியவில்லை. இரண்டும் புரிந்த ஒருவர் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.