விரலில் ஒரு சொட்டு

செய்தி வந்தபோது காலை பதினொன்று பத்து. முட்டைக்கோஸ் தோட்டத்தில் விவசாயிகள் சுற்றி நிற்க, அவள் புது மருந்தை விரலில் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்திருந்தாள். புழுவின் வயிற்றில் மட்டும் வேலை செய்து, பத்தே நாளில் மண்ணில் மட்கிவிடும் மருந்து. அதன் சாதுத்தனத்தைக் காட்ட, மருந்து நிறுவனத்தின் களப்பணியாளரான அவள் தானாகக் கண்டுபிடித்த வித்தை அது.

கைப்பேசியில் அண்ணி. "உங்கண்ணன் நம்மள விட்டுட்டுப் போயிட்டாரும்மா."

அண்ணன் கூலிக்கு மருந்தடிப்பவர். முதுகில் மோட்டார் பம்பு இரைய வருவதால் எல்லோருக்கும் அவர் 'வண்டு'. சத்தம் கேட்டதுமே தோட்டத்தில் யாராவது கத்துவார்கள்:

"வண்டு வருது, புழுவெல்லாம் பொட்டி கட்டுங்கடா!"

"மொதல்ல நீ கட்டு. உன்னத்தான் தேடி வர்றேன்" என்பார் அண்ணன்.

முப்பது வருடம் விஷத்தோடு புழங்கியும் தலைசுற்றல் என்று ஒருநாள் படுத்ததில்லை. முகத்தில் இரண்டு மடிப்புத் துணி. காற்றுக்கு முதுகு காட்டித்தான் நடை. பம்பை மூன்று தடவை அலசாமல் மருந்து ஊற்ற மாட்டார். குழாய் அடைத்தால் கம்பியால்தான் குத்துவார். வாய் வைத்து உறிஞ்சுபவனைக் கண்டால் வசவுதான்.

புது மருந்து வந்ததும் அந்தப் பயத்தை அவள் கேலி செய்தாள்.

"என்னண்ணே, திருடன் மாதிரி மூஞ்சிய மூடிக்கிட்டு? இது புழுவுக்கு மட்டுந்தான் எமன்." சொல்லிவிட்டு விரலை நக்கிக் காட்டினாள்.

"படிச்சவ நீ. சொன்னா சரிதாம்மா."

மறுநாளே துணி தோளுக்கு இறங்கியது. அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சாவுக்கு முந்தின நாள் பக்கத்துத் தோட்டக்காரர் அண்ணனின் பம்பை இரவல் வாங்கி, பழைய கடும் விஷ மருந்தை அடித்திருக்கிறார். மிச்சம் அடியில் கிடந்திருக்கிறது. புது மருந்துதானே என்று அண்ணன் அலசாமலே நிரப்பி, அடைத்த குழாயை வாயில் வைத்து உறிஞ்சியிருக்கிறார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி அவள் தோளில் சாய்ந்தாள். "உன் மருந்து வந்தப்புறந்தாம்மா நான் நிம்மதியாத் தூங்கினேன். அந்தப் பாவி கழுவிக் குடுத்திருக்கக் கூடாதா?"

சுற்றி நின்றவர்கள் தோட்டக்காரரை ஏசினார்கள். அவளும் தலையாட்டினாள். ஆட்டிய தலையை அதன்பின் அண்ணியின் முகத்துக்கு நேராக நிமிர்த்த முடியவில்லை.

நிறுவனம் விபத்து அறிக்கைப் படிவம் அனுப்பியது. பயிர், தேதி, பம்பின் வகை எல்லாம் எழுதிவிட்டாள். 'பாதுகாப்பு பற்றி அவரிடம் சொன்னவர் யார், என்ன சொன்னார்' என்ற கட்டம் மட்டும் மூன்று வாரமாகக் காலியாக இருக்கிறது.