பனிக்கு மாலை போட்டவர்கள்

பிள்ளைகளே, இந்த ஊரில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று சனிக்கிழமைக் காலையில் நடக்கிறது. பத்து மணிக்கு மேட்ச் என்றால் பத்து மணிக்கே தொடங்கிவிடுகிறார்கள். இங்கிலாந்துக்கு வந்த புதிதில், மதுவின் முதல் கால்பந்து ஆட்டத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. கோச் சூசன் தனியாளாகக் கோல் வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். சீஃப் கெஸ்ட் எப்போது வருவார் என்று மரியாதையாகக் கேட்டேன். நான் யாரோ விருந்தாளியை அழைத்து வந்திருப்பதாக நினைத்து, கார் நிறுத்த அந்தப் பக்கம் இடமிருக்கிறது என்று கை காட்டினார். மது, நீ அன்று என்னைத் தெரியாதவள் போல நின்றாய். நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்பது கலா அத்தையின் கதை தெரிந்தால்தான் விளங்கும்.

என் தங்கச்சி கலா, இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் அணிக்குக் கோல் அடித்தவள். அப்புத்தளைக்குக் கீழே, கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டகைக்குப் பக்கத்தில் எங்கள் கிரவுண்ட். பகல் சாய்ந்தால் கீழே பெரகலச் சந்திப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறிவந்து கோல் கம்பத்தையே விழுங்கிவிடும். இது தெரியாதவர் ஊரில் தோட்டத் தலைவர் ஒருவர்தான். இறுதிப் போட்டி நாளில், மாகாண அணிக்கு ஆள் எடுப்பவர்கள் பதுளையிலிருந்து வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் பிரதம அதிதி, அதுதான் சீஃப் கெஸ்ட், வராமல் பந்தை உருட்டக்கூடாது என்பது எங்கள் சம்பிரதாயம். ஜேர்சியும் பூட்ஸும் போட்டிருந்த கலாவின் கையில் சந்தனத் தட்டைக் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள். அதிதி ஐயா வந்தார். தப்பு மேளம் முழங்கியது. மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு. பெண்கள் முன்னேற வேண்டும் என்று, பெண்கள் குளிரில் விறைத்துப்போகும்வரை ஐயா பேசினார். முடித்தபோது பந்து தெரியவில்லை. ஆட்டம் இல்லாமலே நாணயத்தைச் சுண்டிக் கோப்பையைக் கொடுத்தார்கள். பதுளைக்காரர்கள் தேநீர் குடித்துவிட்டு பஸ் ஏறினார்கள். அத்தை மாகாணத்துக்கு ஆடவேயில்லை. ஐயாவின் படம் மட்டும் பேப்பரில் வந்தது.

இப்போது அவள் அதே கிரவுண்டில் பயிற்றுவிப்பாளர். கொழுந்து எடுத்துவிட்டு வந்து பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறாள். இந்த வருஷ இறுதிப் போட்டிக்கும் பதுளைக்காரர்கள் வருவதாக இருந்தது. அதிதியும் வருவதாக இருந்தது. முந்தின நாள் போனில் நான் புத்தி சொன்னேன்: ஐயா வரும்வரை பொறுத்துக்கொள், பகைத்தால் தலைவர் கிரவுண்டைத் தரமாட்டார்.

“மால போட்டுக்கத்தான அண்ணே அவரு வாராரு? மேட்ச் முடிஞ்சப்பறம் போட்டா கழுத்துல ஏறாதா?” என்றாள்.

தலைவர் சும்மா விடுவாரா என்று கேட்டேன்.

“விடமாட்டாரு. அன்னைக்கு எங்கையில தட்ட குடுத்தாங்க, வாங்கிட்டு நின்னேன். எம்புள்ளைங்க கையில குடுக்க விடமாட்டேன்.”

மறுநாள் இங்கே சூசன் வழக்கம்போல விசில் ஊதினார். என் கையில் போன். கலாவின் கூட்டாளி ஒருத்தி வீடியோவில் எங்கள் கிரவுண்டைக் காட்டினாள். அங்கே பிற்பகல், இன்னும் வெயில். அத்தையும் விசில் ஊதிவிட்டாள். தலைவர் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“ஐயா பெரகல வந்துட்டாரு, நிப்பாட்டு புள்ள.”

“கோட்டுக்கு வெளிய நில்லுங்க தலைவரே, பந்து மேல பட்ரும்.”

அவர் நின்றார். கொஞ்ச நேரத்தில் அத்தையின் பிள்ளைகளில் ஒருத்தி கோல் அடித்தாள். நான் துள்ளிக் கத்தினேன். அதே நேரம் இங்கே மதுவின் அணி கோல் வாங்கியிருந்தது. மது, நீ திரும்பி முறைத்தாய். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர், உங்கள் மகள் எந்த அணி என்று மெதுவாகக் கேட்டார். இரண்டும் என் அணிதான் என்றேன். பாவம், தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

அங்கே ஆட்டம் முடிந்து, பதுளைக்காரர்கள் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போதே பனி ஏறியது. அதற்குப் பிறகுதான் ஐயாவின் வாகனம் வந்தது. நாளைக்குக் கிரவுண்ட் உண்டா இல்லையா என்று அத்தைக்கே தெரியாது. போனில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. அதற்குள்ளிருந்து தப்புச் சத்தமும், பெண்கள் முன்னேற வேண்டும் என்ற குரலும் வந்தன. மாலை யார் கழுத்தில் விழுந்ததோ. அப்போது ஒரு விசில் கேட்டது. எந்தக் கிரவுண்டின் விசில் என்று தெரியாமல், இந்த ஊர் வெயிலில் நின்றுகொண்டு போனில் அந்தப் பனிக்குள் அத்தையைத் தேடினேன்.