சத்தம் வராத ஒன்பது அழைப்புகள்

என் மாமனாருக்கு போனை எடுக்கத் தெரியும், வைக்கத் தெரியாது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஆயுசு முழுக்க மெஷின் சத்தத்துக்குள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காது கொஞ்சம் மந்தம். அதனால் மணிச் சத்தத்தை உச்சத்தில் வைத்திருப்பார். தெருமுனை வரைக்கும் கேட்கும். யார் கூப்பிட்டாலும் "வணக்கம், சொல்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். அந்தப் பக்கம் பேசுவது பதிவு செய்த குரலாக இருந்தாலும் அது முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, "சரிம்மா, யோசிச்சுச் சொல்லுதேன்" என்பார். பேசிக்கொண்டிருப்பவரை பாதியில் விட்டுவிட்டு போனை வைப்பது, வீடு தேடி வந்தவர் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி அவருக்கு.

மாமியார் இறந்த பிறகு தனியாகத்தான் இருந்தார். நானும், அவருடைய ஒரே மகளான என் மனைவியும் ஸ்ரீவில்லிபுத்தூரில். எங்களோடு வந்து இருக்கச் சொன்னால், "மாப்ள வீட்டுல எம்புட்டு நாளைக்குத்தான் இருக்க முடியும்?" என்று சிரித்துத் தட்டிக்கழிப்பார். நான் போனால் இந்த வயதிலும் நாற்காலியைவிட்டு எழுந்துதான் நிற்பார். வேண்டாம் என்று முதலில் நானும் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், பிடித்தும் இருந்தது.

லோன் வேணுமா, மனை வேணுமா, உங்கள் கார்டு முடங்கப் போகிறது என்று ஒரு நாளைக்குப் பத்து அழைப்பாவது அவருக்கு வரும். ஒவ்வொன்று முடிந்ததும் எனக்குப் போடுவார். "மாப்ள, பாங்க்ல இருந்து ஒரு பொண்ணு பேசுச்சு. நல்ல புள்ளயாத் தெரியுது. என்ன சொல்லட்டும்?" நான் பத்திரம் எழுதும் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறவன். நான்கு எல்லைகளையும் சர்வே எண்ணையும் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது இந்தப் பொண்ணு கதை வந்தால் எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். அவருடைய பணத்தைக் காப்பாற்றத்தான் எல்லாம் செய்தேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பணத்தைவிட என்னுடைய நிம்மதிதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒருநாள் எவனோ ஒருவன் கார்டு விவரம் கேட்டு, செல்லுக்கு வந்த ஆறு இலக்க எண்ணையும் வாசிக்கச் சொல்லியிருக்கிறான். இவர் நான்கு இலக்கம் வாசித்துவிட்டு, "மிச்ச ரெண்டும் மங்கலாத் தெரியுது தம்பி. கண்ணாடியக் காணும். செத்த நேரம் இருங்க, என் மக வந்துட்டிருக்கா, வாசிச்சுருவா" என்று சொல்லி அவனைக் காக்க வைத்திருக்கிறார். என் மனைவி உள்ளே நுழைந்து போனைப் பிடுங்கியதால் பணம் பிழைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போய், "மாமா, கொஞ்சமாவது அறிவு வேணாமா?" என்று கேட்டேன். எழுந்து நின்றவர் உட்காராமலே, "தப்புதான் மாப்ள" என்றார். அவர் மகள் அடுப்படியில் இருந்தாள். கேட்டிருப்பாள்.

அன்றைக்கே புது போன் வாங்கிக் கொடுத்தோம். பழையது கீழே விழுந்து செத்துப்போயிருந்ததால், எண்களை அவருடைய பாக்கெட் டைரியைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஏற்றிய எண்கள் மட்டும் மணி அடிக்கும். மற்றது எதுவும் சத்தமே போடாது. அப்படி அமைத்துவைத்தேன். அவரிடம் அதை விளக்கவில்லை. சொன்னால் புரியாது என்று நானே முடிவு செய்துகொண்டு, "இனிமே தொந்தரவு வராது மாமா" என்று மட்டும் சொன்னேன்.

டைரியில் ஒரு பக்கத்தில் பென்சிலால் 'சோழபுரம் அக்கா' என்று எழுதி ஒரு எண் இருந்தது. அக்கா என்றால் கூடப்பிறந்த அக்கா. ஆனால் பேச்சுவார்த்தை நின்று ஐந்து வருடம் ஆகியிருந்தது. அக்கா மகன் கல்யாணத்தில் முதல் பத்திரிகையைத் தாய்மாமனான இவருக்கு வைக்காமல் பெண் வீட்டுச் சொந்தத்தில் ஒருவருக்கு வைத்துவிட்டார்கள் என்று வந்த கோபம். 'பேசாதவர்களுக்கு நம்பர் எதுக்கு' என்று நினைத்து, பக்கத்தைத் திருப்பிவிட்டேன். ஒரே ஒரு எண்ணை விட்டால் ஒரு பத்திரம் என்ன ஆகும் என்று தெரிந்தவன் நான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இரண்டு மாதம் எந்தத் தொல்லையும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட என்னிடம் போனைக் கொண்டுவந்து கொடுத்து, அதேபோல் செய்துதரச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமனார் மட்டும் ஒருமுறை, "போனு ரொம்ப அமைதியா இருக்கே மாப்ள, நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டார்.

அந்த அக்கா ஒரு விடியற்காலையில் இறந்துபோனார். சோழபுரத்து ஆள் ஒருவர் சாயங்காலம் மார்க்கெட்டில் மாமனாரைப் பார்த்து, "என்ன, இங்க நிக்கீக? அக்காவத் தூக்கிட்டாகளே" என்று சொல்லித்தான் இவருக்குத் தெரியும். செய்தி கேட்டு நான் காரை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அவரை ஏற்றிக்கொண்டேன். போகிற வழியில் ஜவுளிக்கடையில் நிறுத்தச் சொல்லி ஒரு கோடிச் சேலை வாங்கினார். இறந்தவள் மேல் பிறந்த வீட்டுச் சேலை விழாமல் எடுக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை. எடுத்தாகிவிட்டது என்று தெரிந்தும் வாங்கினார்.

வாசலில் அக்கா மகன் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். "அம்மா போன்லருந்து ஒம்போது தடவ போட்டேன் மாமா. மூணு மணி வரைக்கும் வச்சிருந்தோம். எங்கம்மா பொறந்த வீட்டுக் கோடி இல்லாமத்தான் போனா" என்றார்.

"ஏலே, போனு அடிக்கவே இல்லலே" என்று மாமனார் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்க சொல்லுங்க."

அவ்வளவு சனமும் என்னைப் பார்த்தது. நான் சொன்னேன்: "டவர் கோளாறா இருக்கும்."

"ஒம்போது தடவையுமா தம்பி டவர் இல்லாமப் போவும்?" என்று அக்கா மகன் என்னிடம் கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் போனை வாங்கிப் பார்த்தேன். ஒன்பது அழைப்புகளும் வரிசையாக இருந்தன. யாருக்கும் தெரியாமல் அந்த அமைப்பை மாற்றினேன், ஒன்பதையும் அழித்தேன். பத்திர ஆபீஸ்காரனுக்கு ஆதாரத்தின் அருமை தெரியும்.

பதினாறாம் நாள் காரியத்தில் மகன் தலையில் தாய்மாமன்தான் உருமா கட்ட வேண்டும். புது வேட்டியைத் தலைப்பாகையாகக் கட்டி, இனி நீதான் இந்த வீட்டுக்குப் பெரியவன் என்று சொல்கிற சடங்கு. அக்கா மகன் ஒரு ஆள் மூலம் சொல்லிவிட்டார்: ஏன் போனை எடுக்கவில்லை என்று மாமா சபையில் உண்மையைச் சொல்லட்டும், டவர் கதை சொன்னால் வேறு ஆளை வைத்துக் கட்டிக்கொள்கிறேன். கூடப்பிறந்தவள் வீட்டோடு மாமனாருக்கு மிச்சமிருந்த ஒட்டு அந்த உருமா ஒன்றுதான். அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று என் மனைவி சொன்னாள்.

காரியத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் போய் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய் டைரியை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"இந்த நம்பரப் பாத்தீகளா மாப்ள?"

"பாத்தேன் மாமா."

டைரியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடைசியில், "இத என் மககிட்ட சொல்லிட்டீகளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சொல்லாதீக" என்றார்.

"நாளைக்குச் சபையில நானே சொல்லிருதேன் மாமா" என்றேன். அவர் எழுந்து டைரியைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி முழுக்க, சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் திருத்தித் திருத்தி எழுதினேன்.

மறுநாள் சபை கூடியது. அக்கா மகன் மணையில் உட்கார்ந்து, "சொல்லுங்க மாமா" என்றார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். மாமனார் என்னைப் பார்க்காமலே கையால் தடுத்துவிட்டு, சத்தமாகச் சொன்னார்.

"போனு அடிச்சுதுலே. ஒம்போது தடவையும் அடிச்சுது. நாந்தான் எடுக்கல. கோவம். கோடி போடக் குடுத்து வைக்காத பாவி நான். மாமன மன்னிச்சிரு."

அக்கா மகன் விம்மி அழுதுகொண்டே தலையைக் குனிந்து கொடுத்தார். மாமனார் உருமா கட்டினார். பிறகு பையிலிருந்த கோடிச் சேலையை எடுத்து அக்கா படத்துக்கு முன்னால் வைத்தார். நான் எடுத்துவைத்த அந்த ஒரு அடி அப்படியே நின்றது. வாயைத் திறக்க அப்போதும் நேரம் இருந்தது. மாப்பிள்ளை சபையில் தலைகுனியக்கூடாது என்று அவர் நினைத்தார். நானும் அதையேதான் நினைத்தேன்.

பந்தியில் எனக்குப் பின்வரிசையில் யாரோ, "கூடப்பொறந்தவ செத்ததுக்கு போன எடுக்காத மனுசன், எம்புட்டு நெஞ்சழுத்தம் பாரு" என்றார். மாமனார் அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா, மந்தத்தில் தப்பியதா, தெரியாது. என் இலைக்கு நேரே வந்து நின்று, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.

"மாப்ளைக்கு இன்னுங் கொஞ்சம் பாயசம் ஊத்துங்க."

ஊற்றினார்கள். நான் குடித்தேன்.